தேர்க்கயிறு கச்சேரிக்குப் போன வருஷம்

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் போனைக் கொஞ்சம் கவிழ்த்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

போன வாரக் கச்சேரியில் சின்னவன் எடுத்த வீடியோவை நானும் பார்த்தேன். மேடையில் விளக்குகள் சுழல்கின்றன. எங்கே பார்த்தாலும் தூக்கிய கைகள். எல்லார் தலையும் மேடைப் பக்கம். நடுவில் ஊர் இளைஞர் மன்றத்து ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு ஆள் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவை முறைத்தபடி நிற்கிறான். அது நான்தான். கீழே உங்கள் கூட்டாளிகள் எழுதியிருப்பதையும் படித்தேன். "அங்கிள் பாட்டு பாக்க வந்தாரா, எங்கள பாக்க வந்தாரா?" என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். படித்துவிட்டு நானும் சிரித்தேன். அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்.

வேனில் திரும்பி வரும்போது பெரியவள் கேட்டாள்: "ஏம்பா, ஒரு பாட்டுக்காச்சும் திரும்பிப் பாத்திருக்கலாமில்ல?" வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த அப்புறம் இதுதான். உங்கள் அப்பன் பத்தாவதோடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். மூலக்குளத்தில் இருக்கிறாளே உங்கள் அத்தை, அவள் ரெண்டாவது. கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால், முதலில் கரும்புக்காடு, அப்புறம் நெல்லு வயல், அப்புறம் எங்கள் வீடு. பொங்கல் முடிந்து கரும்பு வெட்டு நடக்கிற காலம். ரோடு பூராவும் நசுங்கிய கரும்புச் சக்கை. காற்றில் எப்போதும் ஒரு தித்திப்பு வாசனை இருக்கும். கரும்பு வெட்டப் போன அம்மா திரும்பி வரும்போது அவள் முழங்கையெல்லாம் கரும்புச் சோகை, அந்த நீள இலை, கிழித்த கோடுகள் இருக்கும்.

அந்த வருஷம்தான் மூலக்குளம் தாண்டி ஒரு திடலில் பெரிய பாட்டுக் கச்சேரி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் ஊர் டீக்கடைச் சுவரிலும் ஒன்று இருந்தது. ஊர்த் திருவிழாவில் வருகிற மாதிரி ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக் என்று இல்லை. மேடை முழுக்க ஆட்கள். கிதார், கீ போர்டு, அடுக்கி வைத்த டிரம்ஸ். பச்சைப் புடவை கட்டி மைக் பிடித்த ஒரு பாடகியின் படம். அந்த டிரம்ஸ் படத்தை நான் தினமும் தொட்டுத் தொட்டு, கடைசியில் அந்த இடம் மட்டும் அழுக்கேறிவிட்டது.

எங்கள் ஊர் இளைஞர் மன்றம் பசங்களைக் கச்சேரிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தது. பசங்களை மட்டும். அதைக் கேட்டதும் கிளம்பியவள்தான் தையல் அக்கா. பாகூருக்குத் தையல் கிளாசுக்குப் போய்வந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். தேரடியில் கூடியிருந்த மன்றத்துக்காரர்கள் முன்னால் போய் நின்று, "மன்றத்துக்கு வசூல் பண்ண மட்டும் பொண்ணுங்க வோணும், பாட்டு கேக்க வாணாமா?" என்று கேட்டாள்.

மன்றத்துத் தலைவர் அண்ணன் சிரித்தார். அவர் நல்ல மனுஷன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரும்பு லோடு கட்டுகிற வேலை செய்தார். தோள் இரண்டும் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். "இட்டுக்கினு போவ நான் ரெடி. அனுப்ப ஒங்க வூட்ல ரெடியா?" என்றார்.

அக்கா வீடு வீடாகப் போனாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்புக்கு முன்னால் இருந்தாள்.

"அத்தை, பையன அனுப்புற இல்ல? பொண்ணையும் அனுப்பு."

"அடியே, இது இன்னாத்த பாக்கப் போவுது? பாதிப் பாட்டுல தூங்கிடும்."

"நான் தூங்க மாட்டேன்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் அத்தை கத்தினாள். அப்போதே அவள் குரல் அப்படித்தான்.

அக்காவோடு வந்திருந்த தலைவர் அண்ணன் வாசலிலேயே நின்று, "சின்னம்மா, ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து வுட்றேன்" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்துக்க தம்பி. ஒரு பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா, அப்புறம் இந்த ஊர்ல எந்தப் பொண்ணும் கச்சேரின்னு வாயத் தொறக்க முடியாது. அது ஒங் கையில கீது."

எல்லா அம்மாக்களும் இதையேதான் சொன்னார்கள். அதனால் பெண் பிள்ளைகளுக்கு இது ஒரே ஒரு வாய்ப்பு என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தையல் அக்காவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். "அங்க போயி எவளாச்சும் காணாப் போனீங்க, நானே கண்டுபுடிச்சி ஒதைப்பேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி வைத்தாள்.

இத்தனை பேரையும் கூட்டத்தில் எப்படிக் காப்பாற்றுவது? தலைவர் அண்ணன் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, மறுநாள் தேர்க்கொட்டகையின் உத்திரத்திலிருந்து கயிற்றை இறக்கினார்.

நீங்கள் பார்க்கும்போது எங்கள் ஊர்த் தேருக்கு இரும்புத் தடுப்பு வந்துவிட்டது. அப்போது கயிறுதான். இழுக்கிற வடம் வேறு, இது வேறு. என் மணிக்கட்டுப் பருமனில் தேங்காய் நாரில் முறுக்கிய நீளக் கயிறு. கற்பூரமும் எண்ணெயும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை வரும். தேர் நகரும்போது மன்றத்து அண்ணன்மார்கள் இந்தக் கயிற்றை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு தேரைச் சுற்றி நடப்பார்கள். பிள்ளைகள் சக்கரத்துக்குக் கிட்டே போய்விடக்கூடாது, அதற்காக. அதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கயிறு பிடிக்கிறவன் தேரைப் பார்க்கக்கூடாது, முதுகு தேருக்கு, முகம் சனத்துக்கு. சாமி வீதி சுற்றி வருகிற வரைக்கும் அவனுக்கு அம்மன் முகம் தெரியாது. இன்னொன்று, கயிற்றின் இரண்டு முனையையும் முடியக்கூடாது. ஒரே ஆள் இரண்டையும் கையில் வைத்திருப்பான். யாராவது தடுக்கி உள்ளே விழுந்தால் அவன் கையை விட்டால் போதும், கயிறு திறந்துவிடும். அந்த ஆள் எப்போதும் தலைவர் அண்ணன்தான்.

"தேருக்கு வெளியில சனத்த நிறுத்துறோம். கச்சேரியில கயித்துக்குள்ள புள்ளைங்கள வச்சிக்கலாம். அவ்ளோதான்" என்றார். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய விஞ்ஞானி மாதிரி தெரிந்தார்.

ஒத்திகை வேறு நடந்தது! சாயங்காலமானால் தேரடியில் எங்களைக் கயிற்று வளையத்துக்குள் நிறுத்தி, அண்ணன்மார்கள் வெளியே சுற்றிப் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வரை நடக்க வைப்பார்கள். தலைவர் அண்ணன் விசில் ஊதினால் நிற்க வேண்டும், இரண்டு தரம் ஊதினால் உட்கார வேண்டும். நாய்கள் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வரும். வேலை முடிந்து வருகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னாடா, ஆட்டுக்குட்டிங்கள எந்த சந்தைக்கு ஓட்டிக்கினு போறீங்க?"

"வெலைய சொல்லு, நம்ம வூட்டு குட்டியையும் சேத்து வித்துட்டு வா!"

நாங்கள் மே, மே என்று கத்துவோம். தலைவர் அண்ணன் மட்டும் சிரிக்காமல், "கயித்த தளர வுடாத! மூஞ்சி வெளிய பாக்கட்டும்!" என்று அதட்டுவார்.

போகிற நாளும் வந்தது. கரும்பு ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லரைக் கழுவி, வைக்கோல் பரப்பி, அதில் ஏறினோம். உங்கள் அத்தை பொங்கல் பாவாடை சட்டை, இரண்டு கையிலும் மஞ்சள் கண்ணாடி வளையல். தேர் அன்றைக்குப் பிடிவாதம் பிடித்து வாங்கிய ரோஸ் கலர் பிளாஸ்டிக் கூலிங் கிளாசை மாட்டிக்கொண்டிருந்தாள். அதைப் போட்டால் எல்லாம் ரோஸாகத் தெரியும். "அண்ணா, கரும்பு ரோஸ், பஸ் ரோஸ், நீ கூட ரோஸ்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோடு ஏறியதும் கடலூர் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாருக்கும் கையாட்டினோம். திரும்பக் கையாட்டாதவர்களைப் பார்த்து ஊளையிட்டோம். டிரெய்லர் குதித்த குதியில் புளிச்சோற்றுத் தூக்கு திறந்து, ஒரு பையன் சட்டைப் பைக்குள் சோறு கொட்டியது. அவன் கவலைப்படாமல் அதை அங்கிருந்தே எடுத்துத் தின்றான்.

திடலுக்குள் நுழைந்தோம். இன்னும் பொழுது சாயவில்லை, அதற்குள்ளேயே சீரியல் பல்புகளைப் போட்டுவிட்டிருந்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர் உயரத்துக்குக் கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர்கள். ஒருவன் டிரம்ஸில் ஒரே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். அது என் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. உங்கள் அத்தை தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அண்ணா, உள்ள யாரோ குதிக்கிறாங்க" என்றாள்.

அப்போது தலைவர் அண்ணன் ஒன்று சொன்னார்: "ஓரத்துல நின்னா எவன் எவனோ இடிப்பான். மேடைக்கு மின்னாடியே போயிடலாம். அங்க போலீஸ் கீறாங்க, தடுப்பு கீது. அதான் பத்திரம்." எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தையல் அக்காவும்தான். எங்களுக்கோ பறக்கிற சந்தோஷம். மேடைக்குக் கிட்டே! இன்றைக்கு நான் ஒரு திடலுக்குள் போனால் முதலில் வெளியே போகிற வழியைத்தான் தேடுகிறேன். அன்றைக்கு எங்களில் பெரியவர் சின்னவர் யாருமே வந்த வழியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நாங்கள் நின்ற இடத்துக்கும் வழிக்கும் நடுவில் எவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருக்கும்.

மேடைக்கு முன்னால் சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்குக் கழி கட்டித் தடுப்புப் போட்டிருந்தார்கள். அதை ஒட்டி நாங்கள் நின்றோம். சின்னப் பிள்ளைகள் முன்னால், பெரிய பெண்கள் பின்னால், சுற்றிக் கயிறு, வெளியே அண்ணன்மார்கள். ஒத்திகையில் செய்த மாதிரியே, முகம் சனத்துக்கு. முதல் பாட்டு அப்படித்தான் போனது.

இரண்டாவது பாட்டுக்கு அந்தப் பச்சைப் புடவைப் பாடகி வந்தார். நோட்டீஸில் பார்த்த அதே புடவை! திடல் முழுக்க விசில். கயிறு பிடித்திருந்த அண்ணன்மார்கள் ஒவ்வொருத்தராகக் கழுத்தைத் திருப்பினார்கள். அவர்களுக்கும் இருபது வயதுதானே.

"ண்ணே, இது இன்னா தேரா? எவ்ளோ தூரம் வந்துட்டு முதுக காட்டிக்கினு நிக்கிறது?"

"கைய தட்டக் கூட முடியல ண்ணே."

தலைவர் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, எல்லாம் உள்ள வாங்க" என்றார். கயிற்றைத் தடுப்போடு சேர்த்து எங்களைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் தடுப்பின் ஓரக் கழியில் வளைத்து முடிச்சுப் போட்டார். கரும்பு லோடுக்கு அவர் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அண்ணன்மார்கள் கயிற்றுக்குள்ளே வந்து, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றார்கள். இப்போது எல்லார் கையும் சும்மா இருந்தது. எல்லாரும் தட்டினோம். நானும்தான் தட்டினேன். அதைவிடச் சந்தோஷமான நேரம் என் சின்ன வயதில் வேறு கிடையாது என்று சொன்னால் நம்புங்கள். அந்தப் பாடகி ஒரு கையைத் தூக்கினால் திடலே கையைத் தூக்கியது. டிரம்ஸ்காரர் குச்சியை மேலே வீசிப் பிடிப்பார். பிடிக்கும்போதெல்லாம் உங்கள் அத்தை துள்ளுவாள், வளையல் குலுங்கும்.

நாலாவது பாட்டோ ஐந்தாவது பாட்டோ, எல்லாருக்கும் தெரிந்த ஒரு குத்துப் பாட்டை எடுத்தார்கள். பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. கடைசியில் நிற்கிறவன் மேடை தெரியவில்லை என்று ஒரு அடி முன்னால் வைக்கிறான். அவனுக்கு அது ஒரு அடிதான். அவனுக்கு முன்னால் இருக்கிறவன் நகர்கிறான், அவனுக்கும் முன்னால் இருக்கிறவன் நகர்கிறான், கடைசியில் அது எங்கள் முதுகில் மூட்டை மாதிரி வந்து இறங்குகிறது. கயிறு இறுகியது. அண்ணன்மார்கள் எங்கள் மேல் சாய்ந்தார்கள். நாங்கள் தடுப்புக் கழி மேல். பக்கவாட்டில் நழுவலாம் என்றால் அங்கேயும் கயிறு.

முதலில் சிரித்தோம். அப்புறம் சிரிக்க மூச்சு இல்லை. நான் உங்கள் அத்தையின் கையைப் பிடித்திருந்தேன். கை மட்டும்தான் தெரிந்தது, அவளைக் காணவில்லை. கீழேயிருந்து "அண்ணா, கிளாசு, கிளாசு" என்று குரல் வந்தது. ரோஸ் கண்ணாடி விழுந்துவிட்டது, அதை எடுக்கக் குனிகிறாள்.

"குனியாதடி!" தையல் அக்கா கத்திய கத்து ஸ்பீக்கரையும் மீறிக் கேட்டது. "கண்ணாடி போனா போவுது, எழுந்திரு! யாரும் குனியாதீங்க! கைய மடிச்சி நெஞ்சுக்கு மின்னால வையிங்க!" அவள் கழியில் முழங்கையை ஊன்றி, குனிந்த முதுகால் பின்னால் வருகிற பாரத்தைத் தாங்கிக்கொண்டு, தன் வயிற்றுக்குக் கீழே இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகளுக்கு இடம் பண்ணி வைத்திருந்தாள். உங்கள் அத்தை அந்த இடத்துக்குள்தான் எழுந்து நின்றாள். பெரியவளே, சின்னவனே, நெரிசலில் எது விழுந்தாலும் குனியாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். போன் விழுந்தாலும் சரி, விட்டுவிடுங்கள். நான் வேறு வாங்கித் தருகிறேன்.

"முடிச்ச அவுரு ண்ணே! முடிச்ச அவுரு!" என்று அக்கா கத்தினாள். தலைவர் அண்ணன் அவிழ்க்கத்தான் பார்த்தார். ஆனால் அவர் முடிச்சு! திடலின் பாரம் பூராவும் அதை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். லோடு கட்டுகிற அந்தக் கையால் அதை அசைக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் பாட்டு நின்றது.

பாதி வரியில் நின்றது. பச்சைப் புடவை அம்மா கையைப் பின்னால் நீட்டி டிரம்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேடையின் விளிம்புக்கு வந்து எங்களைக் குனிந்து பார்த்தார். கூட்டம் ஊளையிட்டது. அவர் மைக்கில் பேசினார். பாடுகிற குரல் இல்லை, வீட்டில் பிள்ளையை அதட்டுகிற குரல்.

"சத்தம் போடாதீங்க! இங்க முன்னாடி குழந்தைங்க நசுங்குது. முன்னாடி இருக்கிறவங்கள நான் ஒண்ணும் சொல்லல, அவங்களால நகர முடியாது. கடைசில, டீக்கடைகிட்ட நிக்கிற அண்ணன் தம்பிங்க எல்லாம் மொதல்ல பின்னாடி போங்க. பத்தடி. நீங்க போனாதான் பாட்டு. இல்லன்னா நான் பொட்டிய கட்டிக்கிட்டு இப்பவே ஊருக்குக் கிளம்பறேன்!"

பின்னால் யாரோ, "போங்கடா டேய், பாட்டு போயிடப் போவுது!" என்றான். கடைசி வரிசை நகர்ந்தது. அதற்கு முன்னால் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். கடல் அலை உள்வாங்குகிற மாதிரி அந்தப் பாரம் எங்கள் முதுகிலிருந்து இறங்கியதை நான் இன்றைக்கும் உணர முடியும். கயிறு தொய்ந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். அந்தச் சத்தம் கூட நினைவிருக்கிறது.

அதற்குள் டிரம்ஸ்காரரும் சவுண்டு செட் ஆட்கள் இரண்டு பேரும் மேடையிலிருந்து குதித்து, சின்னப் பிள்ளைகளைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கி மேடையில் உட்கார வைத்தார்கள். முதலில் போனது உங்கள் அத்தை. அழவில்லை. தலை கலைந்து, ஒரு கையில் வளையல் ஒன்று கூட இல்லாமல், அவ்வளவு விளக்குக்கு நடுவில் நின்றுகொண்டு கண்ணைச் சிமிட்டினாள். அந்த அம்மா தண்ணீர் கொடுத்து, "உம் பேரு என்ன கண்ணு?" என்று மைக்கை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

பேர் சொல்லவில்லை அவள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் அங்க கீறான்! அவனையும் தூக்குங்க!" என்றாள்.

திடல் முழுக்க அது கேட்டது. வீட்டுச் சுவர் உயர ஸ்பீக்கர் இரண்டிலும் கேட்டது. அத்தனை பேரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். என்னையும் தூக்கினார்கள். மீதிக் கச்சேரி பூராவும் நாங்கள் சின்னப் பிள்ளைகள் மேடையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தோம்! நோட்டீஸில் நான் தொட்டுத் தொட்டு அழுக்காக்கிய அதே டிரம்ஸ். அதன் பளபளப்பான விளிம்பில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. கடைசிப் பாட்டில் டிரம்ஸ்காரர் குச்சியை உங்கள் அத்தையிடம் கொடுத்து, பித்தளைத் தட்டில் ஒரு அடி அடிக்கச் சொன்னார். அவள் நாலு அடி அடித்தாள். தான் பாடம் நடத்துகிற பள்ளி ஆண்டு விழாவில் உங்கள் அத்தை மைக்கை வாங்கினால் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறாளே, அதன் ஆரம்பம் அங்கேதான்.

தலைவர் அண்ணனும் மற்றவர்களும் கீழே நின்றார்கள். இப்போது மேடையைப் பார்க்கவில்லை, எல்லாரும் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். பெரிய பெண்கள் தடுப்போரம் தள்ளி, காற்று வருகிற பக்கமாக நின்று பார்த்தார்கள். முடிச்சு அவிழாததால், கிளம்பும்போது கயிற்றைக் கழியின் தலை வழியாகக் கழற்றி அப்படியே டிரெய்லரில் போட்டார்கள். ஊர் வரைக்கும் நாங்கள் பாடிக்கொண்டுதான் வந்தோம்.

யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் கீறல் இருந்தது. தையல் அக்காவின் இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. ஒரு பெண்ணின் தாவணி கிழிந்திருந்தது. மறுநாள் காலையில் தேரடியில் ஊர் கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சி. வயசுப் பொண்ணுங்கள அந்த மாதிரி எடத்துக்கு இட்டுக்கினு போனதே தப்பு. இனிமே பொண்ணுங்க வாணாம்."

ஆம்பளைப் பிள்ளைகள் நாங்களும்தானே நசுங்கினோம்? எங்களை வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை. எனக்கு அப்போது அது வினோதமாகப் பட்டது, கேட்கத் தெரியவில்லை. தையல் அக்கா கேட்டாள்.

"பொண்ணுங்க இன்னா பண்ணாங்க? பாட்டு பாத்தாங்க. பாக்கத்தான போனோம்? நீ சொல்லு ண்ணே. தேர் அன்னிக்கி இப்டி முடிச்சி போடுவியா? தேர பாத்துக்கினு நிப்பியா?"

தலைவர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முதுகிலும் கையிலும் கயிறு பதிந்த கோடு சிவப்பாக, வரி வரியாக இருந்தது. வலது கைவிரலில் துணி சுற்றியிருந்தார். "அது சரிதான் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அது அவளுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது. பெரியவர்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. அம்மா உங்கள் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்து, "அடுத்த வருசம் நான் டிரம்ஸ் அடிக்கணும், அடுத்த வருசம் நான் டிரம்ஸ் அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த வருஷம் பசங்கள் மட்டும்தான் போனோம். அதற்கடுத்த வருஷமும். மன்றத்தில் மறுபடி பெண் பிள்ளைகள் கச்சேரிக்குக் கிளம்ப எத்தனை வருஷம் ஆயிற்று என்றால், பெரியவளே, போன வாரம் நீயும் உன் கூட்டாளிகளும் கிளம்பினீர்களே, அவ்வளவு வருஷம். அன்றைக்கு உன் பாட்டி, அதே அம்மாதான், வாசலில் நின்று என்னிடம் "ஒங் கையில கீது" என்றாள். அதனால்தான் மத்தியானமே திடலுக்குப் போய் வழி எங்கே என்று பார்த்தேன். தவறினால் இளநீர்க் கடைக்கு வாருங்கள் என்று மூன்று தடவை சொல்லி உங்களிடம் திட்டு வாங்கினேன். ஓரமாக, காற்று வருகிற இடமாக உங்களை நிறுத்தினேன். நீங்கள் பாட்டைப் பார்த்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை உங்கள் அத்தைக்கும் சொன்னதில்லை.

அந்தக் கச்சேரிக்கு மறுநாள், ஊர்க்கூட்டம் கலைந்த பிறகு, மத்தியானம் நான் தேரடிக்குப் போனேன். வெயிலில் ஒரு ஆள் இல்லை. கயிறு தேர்க்கொட்டகை மூலையில் கிடந்தது, முடிச்சோடு. எவரும் அதைத் தொடவில்லை. நான் அதை மடியில் போட்டுக்கொண்டு தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். நகத்தால் ஆகவில்லை. பல்லால் கடித்தேன், நார் வாயெல்லாம் குத்தியது. ஒரு சைக்கிள் கம்பியைத் தேடி எடுத்து வந்து, இடுக்கில் விட்டு நெம்பி நெம்பி, ஒரு இழை ஒரு இழையாகத் தளர்த்தினேன். பள்ளி மணி அடித்தும் எழவில்லை. கடைசியில் அது சட்டென்று விட்டுக்கொடுத்தது. இரண்டு முனையும் பிரிந்து என் மடியில் விழுந்தன.

சுருட்டி வைக்கப் போனவன், ஏனோ எழுந்து நின்றேன். இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, தேருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரோட்டைப் பார்த்தேன். ரோட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.